மீன்பிடி ஏரியை வடித்துச் சீரமைத்தல்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

செயற்கை மீன்பிடி ஏரியில் தூண்டில் போடுகிறவர் பார்ப்பது தண்ணீரை மட்டும்தான். அதை வடித்து, தூர்வாரி, மறுபடி நிரப்பும் பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ அவருக்குத்தான் கரை, தூம்பு (கரைக்கு அடியில் நீரை வெளியேற்றும் குழாய்), சேறு, களிமண் என்று வரிசையாகக் கவலைகள். இந்த வேலையில் கோளாறு வந்தால், அது தெரிகிற இடத்திலேயே மருந்து தேடாமல் ஒரு படி முன்னால் போய்த் தேடுங்கள். மீன் தவித்தால் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீர் கெட்டால் மண்ணைப் பாருங்கள். கரை பிளந்தால் எத்தனை வேகத்தில் வடித்தீர்கள் என்று கணக்குப் பாருங்கள். கீழே உள்ளவை வேலை நடக்கும் வரிசையில் உள்ளன. உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முந்தைய பகுதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

மதகைத் திறந்தும் தண்ணீர் இறங்கவில்லை

பல ஆண்டுகள் தொடாத மதகு முதல் நாளே ஒத்துழைப்பது அபூர்வம். கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுழன்றால் தண்டு உள்ளே அறுந்திருக்கிறது அல்லது மரை தேய்ந்திருக்கிறது. இறுகி நின்றால் மதகின் பலகை, அது ஏறி இறங்கும் காடியில் வண்டல் அடைத்துச் சிக்கியிருக்கிறது. பலகை எழுந்தும் ஓட்டம் இல்லை என்றால் தூம்பின் வாய் சேற்றுக்குள் புதைந்திருக்கிறது என்று பொருள்.

இறுகிய தண்டில் நீளக் குழாயை மாட்டி நாலு பேர் தொங்குவது வழக்கம். தண்டு வளைந்த பிறகு மதகு திறக்கவும் செய்யாது, மூடவும் செய்யாது. அதைவிடப் பெரிய ஆபத்து, அடைப்பை எடுக்க ஒருவரை முங்கச் சொல்வது. அடைப்பு விலகும் அந்த நொடியில் ஏரியின் முழு அழுத்தமும் அந்தத் துளை வழியே பாயும். கையோ காலோ அதில் சிக்கினால் வெளியே இருப்பவர்கள் இழுத்தும் வராது. என் யோசனை எளிது: மதகை அப்படியே விட்டுவிட்டு சைஃபன் (கரைக்கு மேலாக வளைந்து சென்று நீரைத் தானே இழுத்து வெளியே விடும் குழாய்) அல்லது பம்பு வைத்து மட்டத்தை இறக்குங்கள். தூம்பு வாய் வெளியே தெரிந்த பிறகு அதைச் சாவகாசமாகப் பழுது பார்க்கலாம்.

சைஃபன் குழாய் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது

எங்கோ காற்று புகுகிறது. பெரும்பாலும் கரை முகட்டுக்கு அருகே உள்ள இணைப்பில்தான். அங்கே குழாய்க்குள் இருப்பது உறிஞ்சும் அழுத்தம் என்பதால் நீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணால் பார்த்துக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. இணைப்பின்மேல் ஈரக் களிமண்ணை அப்பிப் பாருங்கள். ஓட்டம் நிலைத்தால் இடம் தெரிந்துவிட்டது. இணைப்பில் குறை இல்லையென்றால் உள்வாயைப் பாருங்கள். நீர்மட்டம் இறங்கி வாய்க்கு மேலே சுழி விழுந்தால் அதன் வழியாகவும் காற்று போகும். வாயை ஆழத்துக்குத் தள்ளுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் நிற்கிறது என்றால் உயரத்தை அளந்து பாருங்கள். ஏரி மட்டத்துக்கும் குழாயின் உச்சிக்கும் இடையே கணக்குப்படி சுமார் 10 மீட்டர் வரை சைஃபன் இழுக்கும். நடைமுறையில் 5 அல்லது 6 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. மட்டம் இறங்க இறங்க இந்த உயரம் கூடிக்கொண்டே போகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளிவாய் எப்போதும் ஏரி மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்பதும் உண்டு.

வடிக்கும்போது கரையின் உட்சரிவு பிளக்கிறது, சரிகிறது

வடிப்பதை உடனே நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு பேசலாம்.

ஏரி நிறைந்திருக்கும்போது நீரின் பாரம் உட்சரிவைத் தாங்கிப் பிடிக்கிறது. கரை மண்ணும் நீரில் ஊறியிருக்கிறது. வெளியே நீர் வேகமாக இறங்கினால் தாங்குதல் போய்விடுகிறது, மண்ணுக்குள் இருக்கும் நீரோ வெளியேற நேரமில்லாமல் நின்றுவிடுகிறது. ஊறிக் கனத்த மண் தன் பாரத்தாலேயே வழுக்கி விழுகிறது. மண் கரைக்கு நாளுக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் மட்டத்தை இறக்காதீர்கள். களிமண் மிகுந்த கரை, வயதான கரை என்றால் இன்னும் குறைவு. மதகின் அருகே அளவுகோல் ஒன்றை நட்டு, காலையும் மாலையும் எழுதி வையுங்கள். ஊகம் இந்த வேலைக்கு உதவாது.

முகட்டுக்கு இணையாக நீளவாக்கில் வெடிப்பு தெரிந்தால் அதுதான் சரிவின் தொடக்கம். மழை நீர் அதில் இறங்காதபடி தார்ப்பாய் போட்டு மூடுங்கள். முகட்டில் எந்த வண்டியையும் ஏற்றாதீர்கள். கரை காய்ந்து நிலைத்த பின், சரிந்த மண்ணைக் கெட்டியான அடிமண் வரை படிப்படியாக வெட்டி எடுத்து, புது மண்ணை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கி ஏற்ற வேண்டும். வெடிப்புக்குள் மணலைக் கொட்டி மூடுவது நீருக்கு வழிவிட்டுக் கதவை மட்டும் சாத்துவது.

நீர் குறையும்போதே மீன்கள் தத்தளிக்கின்றன

ஏரியில் 1 மீட்டர் நீர் இருக்கும்போதே பெரிய மீன்களை வலையிட்டு எடுத்துவிட வேண்டும். கடைசி 30 சென்டிமீட்டருக்காகக் காத்திருந்தால், வலை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அடிச்சேறு கலங்கும். கலங்கிய சேறு தண்ணீரில் மிச்சமுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீனின் செவுளிலும் படியும். வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 20 பாகை வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் சுமார் 7.5 தான்.

எனவே வலைவேலை அதிகாலைக் குளிர்ச்சியில் நடக்கட்டும். பிடித்த மீனைப் போடும் தொட்டியில் சேற்று நீர் வேண்டாம். தெளிந்த நீரும் காற்றுக் குழாயும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். தூம்பின் முன் உள்ள வலைத்தடுப்பு சிறியதாக இருந்தால் இலையும் பாசியும் அடைத்துக்கொள்ளும், மீனும் அதில் ஒட்டிச் சாகும். தடுப்பின் பரப்பைப் பெரிதாக்குங்கள். வெளியேறும் நீர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஆக்சிஜன் இல்லாத அடிநீர். அப்படியே ஓடையில் விட்டால் அங்குள்ள மீன்கள் சாகும். வேகத்தைக் குறைத்து, ஒரு படிவுக் குழியில் தேக்கி, கல்லில் விழுந்து சிதறி ஓடும்படி விடுங்கள். இதற்கெல்லாம் முன்பே நீர்வளத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளின் அனுமதி வாங்கியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வாரக்கணக்கில் வெயில் அடித்தும் சேறு இறுகவில்லை

மேலே ஓடு கட்டியிருக்கும், உள்ளே கூழாக இருக்கும். ஒரு நீளக் கம்பியைச் செருகிப் பாருங்கள்: முதல் 5 சென்டிமீட்டர் எதிர்க்கும், அதன்பின் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். இந்த ஓட்டை நம்பி மனிதர் நடந்தால் இடுப்பு வரை புதைவார். தனியாக யாரும் இறங்கக் கூடாது. இறங்குபவர் அகலப் பலகை மேல்தான் நடக்க வேண்டும். கரையில் ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும்.

வெயிலால் மட்டும் இது காயாது. சேற்றுக்குள் இருக்கும் நீருக்கு வெளியேற வழி வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கி மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டி, நடு வாய்க்காலைத் தூம்புக்கு முன் உள்ள பள்ளத்தில் சேருங்கள். அந்தப் பள்ளத்தில் பம்பு ஓடட்டும். நிற்கும் நீரெல்லாம் வடிந்தும் ஓரிடம் மட்டும் மினுமினுப்பாக ஈரமாகவே இருந்தால் அங்கே ஊற்று இருக்கிறது. அதைச் சாபமாக நினைக்காதீர்கள். இடத்தைக் குறித்து வையுங்கள். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருந்தால் அது ஏரிக்கு நீர் தந்து உதவலாம், அந்த மட்டம் தாழ்ந்தால் அதே வழியாக ஏரி நீர் வெளியே போகவும் செய்யலாம்.

வெடிப்புகள் 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்கினால் காய்ந்தது போதும். வெடித்த கட்டி ஒன்றைப் பெயர்த்து உடைத்துப் பாருங்கள். வெளிப்புறம் பழுப்பாக, உள்ளே கன்னங்கரேல் என்று இருந்தால் காற்று இன்னும் உள்ளே போகவில்லை. முழுக்கப் பழுப்பேறி, நாற்றம் போய் வெறும் மண் வாடை வந்தால் பல காலமாகச் சேர்ந்த கழிவு மட்கத் தொடங்கிவிட்டது. வாரிய வண்டலைக் கரை முகட்டில் குவிக்காதீர்கள்: கரைக்குப் பாரம், அடுத்த மழைக்கு மறுபடி ஏரிக்குள்.

காய்ந்த தரையில் மஞ்சள் திட்டுகள் தெரிகின்றன

இங்கே மேலே சொன்ன அறிவுரை தலைகீழாகிறது. சில மண்களில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் உண்டு. நீருக்கடியில் அது சாது. காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறும். வைக்கோல் நிற மஞ்சள் படிவு, துருச்சிவப்பு நீர், 4-க்குக் கீழே இறங்கும் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) ஆகியவை அதன் அடையாளம். மேலும் காயவிட்டால் மேலும் அமிலம் ஊறும். உடனே நீரைக் கட்டி, சில நாள் கழித்து வடித்து, மறுபடி கட்டி, அமிலத்தைக் கழுவ வேண்டும். கழுவிய நீரை அப்படியே ஓடையில் விட முடியாது, சுண்ணாம்பிட்டுச் சமன் செய்த பிறகே விட வேண்டும். சந்தேகமுள்ள ஏரியாக இருந்தால் வடிக்கும் முன்பே அடிமண் கொஞ்சம் எடுத்து, ஈரம் காயாமல் மெல்லிய அடுக்காகச் சில வாரம் வைத்து, பி.எச். இறங்குகிறதா என்று பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

களை முன்பைவிட அதிகமாக முளைக்கிறது

ஏரியை வடிப்பது எல்லாக் களையையும் கொல்லும் என்பது பாதி உண்மை. நீருக்குள் வாழும் பல கொடிகள் காய்ந்து சாகும். ஆனால் ஆகாயத்தாமரையின் விதை சேற்றில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். ஈரச் சேறும் வெளிச்சமும் கிடைத்ததும் முளைக்கும். சம்பங்கோரைக்கும் ஈரத்தரைதான் கொண்டாட்டம். இவை பூக்கும் முன் வேரோடு பிடுங்குங்கள். ஓரங்களை முழங்காலளவு ஆழத்தில் நீண்ட திட்டாக விடாமல், 3-க்கு 1 சரிவில் (3 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும்படி) சட்டென்று 1 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிவிட்டால் களைக்கு வேர்விட இடம் குறையும். தூண்டில்காரர்களுக்கும் கரையருகே மீன் வரும்.

நிரப்பிய நீர் நிற்கவில்லை

மிகுதியாகக் கேட்கப்படும் புகார் இதுதான். இதில் முதலில் செய்ய வேண்டியது ஆவியாவதையும் கசிவதையும் பிரிப்பது. ஒரு வாளியில் நீர் நிரப்பி, உள்ளே கல் போட்டு, ஏரியின் ஆழமற்ற ஓரத்தில் விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். வாளிக்குள் ஒரு கோடு, பக்கத்தில் நட்ட குச்சியில் ஏரி மட்டத்துக்கு ஒரு கோடு. மழை இல்லாத 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஏரி 14 மில்லிமீட்டர் இறங்கி வாளி 5 மட்டும் இறங்கியிருந்தால் மீதி 9 மில்லிமீட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது. 1 ஹெக்டேர் ஏரியில் 1 மில்லிமீட்டர் என்பது 10,000 லிட்டர். ஆக நாளுக்கு 90,000 லிட்டர் நட்டம்.

அடுத்து, அவசரப்பட்டு மறுபடி நிரப்பாமல் மட்டம் தானே இறங்க விடுங்கள். ஒரு குறிப்பிட்ட அளவில் இறக்கம் திடீரென்று மெதுவானால் ஓட்டை அந்த மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அந்தக் கோட்டிலேயே சுற்றி நடந்து பாருங்கள்: நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன வேர், தூம்புக் குழாயை ஒட்டிய இடுக்கு. ஐயமான இடத்தில் சாயம் கரைத்து ஊற்றி, கரைக்கு வெளியே எங்கே வருகிறது என்று பார்க்கலாம். கடைசிச் சொட்டு வரை ஒரே சீராக இறங்கினால் கசிவு தரை முழுதும்.

தூர்வாரிய ஏரியில் தரை முழுதும் கசிவு என்றால் முதல் சந்தேகம் தூர்வாரிய இயந்திரத்தின் மேல்தான். கறுப்பு வண்டலுக்குக் கீழே நீரைத் தாங்கி நின்ற களிப்படலம் இருந்திருக்கும். ஆழம் கூடட்டும் என்று அதையும் சேர்த்து வாரி, அடியில் இருந்த மணலைத் திறந்துவிட்டிருப்பார்கள். வாருவதற்கு முன் ஆங்காங்கே குழி தோண்டி, களிப்படலம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும் செலவு இது.

அதற்கு மருந்து, மணல் தெரியும் இடத்தில் களிமண் போர்வை. 3 மீட்டர் வரை நீர் நிற்கும் இடத்துக்கு இறுக்கிய பின் 30 சென்டிமீட்டர் கனம் வேண்டும். 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் உருளை ஓட்டி இறுக்க வேண்டும். மண்ணின் ஈரம் சரியா என்று கையில் பிடித்துப் பாருங்கள்: உருண்டை பிடித்தால் உடையாமலும், கையில் ஒட்டாமலும் இருக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நீட்டினால் 5 சென்டிமீட்டர் நாடாவாவது அறுபடாமல் வந்தால் களி போதுமான அளவு இருக்கிறது. நல்ல களி அருகில் கிடைக்காவிட்டால் சோடியம் பென்டோனைட் (நீர்பட்டால் உப்பும் ஒருவகைக் களித்தூள்) உண்டு. மண்ணைப் பொறுத்து சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிலோ வரை, மேல் 10–15 சென்டிமீட்டர் மண்ணோடு கலந்து இறுக்க வேண்டும். நிறைந்த ஏரியில் மேலிருந்து தூவி, அது தானே ஓட்டையைத் தேடிப் போகும் என்று நம்புவது அதிர்ஷ்டச் சீட்டு வாங்குவது.

வெறும் காய்ந்ததால் வந்த வெடிப்புகள் மட்டும் என்றால் பதற வேண்டாம். கொஞ்சம் நிரப்பி, சில நாள் நிறுத்தி, களி உப்பி வெடிப்பை அடைக்கவிட்டு, பின் அடுத்த கட்டம் நிரப்புங்கள். புதிதாகச் சீரமைத்த எந்த ஏரியையும் இப்படிப் படிப்படியாக நிரப்புவதே நல்லது. பாதி நிறைந்த ஏரியில் தெரியும் கோளாறைப் பாதிச் செலவில் சரிசெய்யலாம்.

கரையின் வெளிச்சரிவில் ஈரம், ஊறல்

ஒரு கண்ணாடிக் குடுவையில் அந்த ஊறல் நீரைப் பிடித்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். இதைவிட முக்கியமான சோதனை இந்த வேலையில் வேறில்லை.

அடியில் எதுவும் படியவில்லை, தினமும் ஒரே அளவில் வருகிறது என்றால் கண்காணித்துக்கொண்டே வடிகட்டி வடிகால் அமைக்கலாம்: முதலில் மணல், அதன்மேல் சிறுகல், பிறகு பெரிய கல். ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை ஏரி மட்டத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். ஏரி ஏறாமலேயே ஊறல் கூடினால் எச்சரிக்கை.

குடுவையின் அடியில் மண் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது. அரிப்பு வெளிப்பக்கம் தொடங்கி ஏரியை நோக்கிக் குடைந்துகொண்டே போகும். ஏரியைத் தொட்டதும் சில மணி நேரத்திலேயே கரை உடையலாம். உடனே நீரை இறக்கத் தொடங்குங்கள், கீழ்ப்பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள், அணைக்கட்டு வேலை தெரிந்த பொறியாளரை அழையுங்கள். இங்கே நாளுக்கு 30 சென்டிமீட்டர் என்ற கணக்குப் பார்க்க வேண்டாம், எது பெரிய ஆபத்தோ அதை முதலில் கவனிக்க வேண்டும். வெளிவாயைக் களிமண்ணால் அடைக்க மட்டும் முயலாதீர்கள். உள்ளே அழுத்தம் கூடி வேறிடத்தில் பீறிடும். ஊறலைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, நீரை உள்ளே நிற்கவிட்டு அழுத்தத்தைக் குறைப்பதே முறை.

பெரும்பாலும் குற்றவாளி தூம்புக் குழாய்தான். குழாயின் அடிவயிற்றுக்குக் கீழே மண்ணை யாராலும் சரியாக இறுக்க முடிவதில்லை. அடுத்தது மரம். கரையில் வளர்ந்த பெரிய மரத்தை வெட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். வேர் உள்ளே மட்கிக் குழாய்போல் ஆவதற்குச் சில ஆண்டுகள் ஆகும், கசிவு அப்போதுதான் தொடங்கும். பெரிய வேர்களைத் தோண்டி எடுத்து மண் நிரப்பி இறுக்காமல் மரம் வெட்டியதாகச் சொல்ல முடியாது.

மாதங்கள் ஆகியும் தண்ணீர் தெளியவில்லை

கண்ணாடிப் பாட்டிலில் ஏரி நீரைப் பிடித்து ஆடாமல் வையுங்கள். ஓரிரவில் தெளிந்தால் ஏரியில் ஏதோ கலக்கிக்கொண்டே இருக்கிறது: அடியைக் கிளறும் கெண்டை வகைகள், காற்றலை, அல்லது புல் வளராத புதுச்சரிவிலிருந்து வரும் மழைநீர். சரிவில் புல் பிடித்தால் பாதிக் கலங்கல் போய்விடும். ஒரு வாரமாகியும் பாட்டில் பால் கலந்ததுபோலவே இருந்தால் அது மிதக்கும் நுண்களி, தானாகப் படியாது. ஜிப்சமோ படிகாரமோ அதைத் திரட்டிக் கீழே இறக்கும். வாளிகளில் வெவ்வேறு அளவு கலந்து பார்த்து, தெளிய வைக்கும் குறைந்த அளவையே ஏரிக்குப் பெருக்குங்கள். படிகாரம் நீரின் காரத்தன்மையை (அமிலத்தைச் சமன் செய்யும் திறனை) தின்னும். அதை அளக்காமல் போட்டால் பி.எச். சரிந்து மீன் சாகும். ஜிப்சத்தில் அந்த அபாயம் இல்லை, அளவுதான் பல மடங்கு வேண்டும்.

தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது, மீன் தேறவில்லை

பார்க்க அழகு, மீனுக்குப் பட்டினி. நீரைப் பச்சையாக்கும் நுண்பாசி வளரவில்லை. மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். அதற்குச் சிறந்த நேரம் ஏரி காய்ந்து கிடந்தபோது. சுண்ணாம்பையும் பாஸ்பேட் உரத்தையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். இரண்டு வார இடைவெளி விடுங்கள். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினால் 30 முதல் 45 சென்டிமீட்டரில் மறையும் பச்சை போதுமானது.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன

பச்சை அளவு மீறியிருக்கிறது. பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் பாசியே இரவில் அதை எடுத்துக்கொள்ளும். சூரியன் எழும் முன் அளவு மிகக் கீழே இருக்கும். மாலையில் அளந்து நிம்மதி அடைவதில் பயனில்லை. காற்றூட்டியை நள்ளிரவிலிருந்து ஓட்டுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள். பாசிக்கொல்லி போட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் கொல்ல நினைத்தால், அழுகும் பாசி மிச்ச ஆக்சிஜனையும் முடித்துவிடும். வண்டலை அரைகுறையாக வாரிய ஏரியில் இது ஆண்டுதோறும் திரும்பும்.

விட்ட மீன் சாகிறது. விடாத மீன் துள்ளுகிறது

விட்ட மறுநாளே செத்தால் சுண்ணாம்பைச் சந்தேகியுங்கள். மிச்சக் குட்டைகளில் கிருமி நீக்கச் சுட்ட சுண்ணாம்பு போட்டிருந்தால் பி.எச். 11-ஐத் தாண்டியிருக்கும், 9-க்குக் கீழே இறங்கக் குறைந்தது இரண்டு வாரம் கொடுங்கள். மொத்தக் குஞ்சுகளையும் இறக்கும் முன், சிலவற்றை வலைக் கூண்டில் விட்டு இரண்டு நாள் பாருங்கள். குஞ்சுகள் வந்த பையை 15 முதல் 30 நிமிடம் ஏரியில் மிதக்கவிட்டு, ஏரி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்த பிறகே திறக்க வேண்டும்.

விடாத விராலும் கெளுத்தியும் தெரிந்தால் அவை ஈரச் சேற்றுக்குள் பதுங்கி ஏரியை வடித்தபோது தப்பியவை, அல்லது நீர் வரும் வாய்க்காலில் வலைத்தடுப்பு இல்லை. தடுப்பை இப்போதே போடுங்கள், கலிங்கிலும் (மிகை நீர் வழிந்தோடும் இடத்திலும்) ஒன்று. வேட்டை மீன்தான் உங்கள் தூண்டில்காரர்களுக்கு வேண்டும் என்றாலும் அதை முதலில் விடாதீர்கள். இரை மீன்கள் ஒருமுறையாவது இனப்பெருக்கம் செய்து, ஓரத்தில் குஞ்சுக் கூட்டம் கண்ணுக்குத் தெரியட்டும். வேட்டை மீன் குஞ்சுகளை அதன்பின் இறக்குங்கள்.